பாராமகால் வட்டாரத்துப் பழந்துப்பாக்கிகள்: தூய்மையாக்கமும் சான்றுக் காப்பும்

காரிமங்கலம் அடங்கிய பாராமகால் பகுதி, 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. இருதரப்புப் படைகளும் நடமாடிய இந்நிலத்தில் கிடைக்கும் பழந்துப்பாக்கி ஒன்று யாருடையது என்பதற்கு எழுத்துச் சான்று பெரும்பாலும் இராது. அதன் மேற்பரப்பே சான்று. கம்பெனித் துப்பாக்கிகளின் விசைத்தகட்டில் 1808 வரை இதய வடிவ முத்திரையும், அதன்பின் நிமிர்ந்து நிற்கும் சிங்கமும் பொறிக்கப்பட்டன. உப்புத்தாளால் தேய்க்கும்போது துருவோடு இக்காலக் கணிப்பும் உதிர்ந்துவிடுகிறது.

தூய்மையாக்கத்திற்கு முன், குழலில் மருந்து எஞ்சியுள்ளதா எனக் காணல் வேண்டும். வாய்வழி மருந்து திணிக்கும் துப்பாக்கியாயின், மரக்கோல் ஒன்றை உள்ளே மெல்ல இறக்கி, அதன் நீளத்தைக் குழலின் வெளிப்புறத்தே ஒப்பிட வேண்டும். பற்றுதுளைக்கு முன்னரே கோல் தடைப்படின், மேற்கொண்டு தொடாது வெடிபொருள் வல்லுநரை நாடுதல் தக்கது. உலர்ந்த கருமருந்து நூற்றாண்டுகள் கடந்தும் ஆற்றல் இழப்பதில்லை.

துரு யாவும் நீக்கத்தக்கதன்று. இறுகிப் படிந்த கரும்பழுப்புப் படலம் இரும்பைக் காப்பதோடு பொறிப்புகளையும் தாங்கி நிற்கிறது. செம்மஞ்சள் தூளாக உதிர்வதும், ஈரத்துளிகளாகக் கசிவதும் வேறு. பின்னது குளோரைடு உப்பின் அறிகுறி. உதிர்துருவை உருப்பெருக்கியின் கீழ் மூங்கில் குச்சியாலும் மென்தூரிகையாலும் அகற்றலாம். பித்தளை உறுப்புகளுக்குப் புளி இடும் வழக்கம் விளக்குகளுக்குப் பொருந்தலாம். பொறிப்புள்ள உறுப்புக்குப் பொருந்தாது.

துருவை நிலைப்படுத்தும் டானிக் அமிலக் கரைசலின் அடிப்படை தமிழர்க்குப் புதிதன்று: கடுக்காயின் துவர்ப்பொருள் இரும்புடன் கூடிக் கருநீலமாகும் அதே வேதிவினைதான். எனினும் அது மேற்பரப்பின் நிறத்தை மாற்றிவிடும். முத்திரை உள்ள இடத்தில் தவிர்ப்பதே நன்று என்பது இக்கட்டுரையின் கருத்து. சென்னை அரசு அருங்காட்சியக ஆய்வகத்தில் 1930களில் சு. பரமசிவன் செப்புத்திருமேனிகளுக்குக் கையாண்ட மின்பகுப்பு முறையையும் மரக்கட்டையோடு இணைந்த துப்பாக்கிக்கு அப்படியே பயன்படுத்த இயலாது.

மிகு வறட்சி இரும்புக்கு நன்று. மரமோ சுருங்கி வெடிக்கும். ஆதலின் ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டளவில் சீராக வைத்தலே நடைமுறைக்கு ஒத்த இணக்கம்.

1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுதுநீக்கியும் சுட இயலாத தொன்மைக் கலங்களுக்கே விலக்களிக்கிறது. உறைந்துபோன விசையை மீண்டும் இயங்கச் செய்ய முனைவோர், அவ்விலக்குத் தம் பொருளுக்கு உண்டா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.