வாராவாரம் நடக்கும் தெரபிக்கும் காப்பீடு உண்டு

சென்னை மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் வீட்டில் மாதச் செலவைக் கேட்டுப் பாருங்கள். ஆஸ்பத்திரிக் கட்டணம் கடைசியில்தான் வரும். ஸ்பீச் தெரபி, ஓ.டி. எனப்படும் ஆக்குபேஷனல் தெரபி, பிசியோதெரபி, சிறப்புப் பள்ளிக் கட்டணம், போக வர ஆட்டோ என்றுதான் பட்டியல் தொடங்கும். நாம் பொதுவாக அறிந்த மருத்துவக் காப்பீடோ, ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டிய மருத்துவத்தில் பெரும்பகுதி படுக்கைக்கு வெளியே, ஆண்டு முழுவதும் நடக்கிறது. அந்தச் செலவில் ஒரு பங்கை ஏற்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. அதன் பெயர் நிராமயா. தகுதியுள்ள ஒரு குழந்தைகூட இதில் சேராமல் விடுபடக் கூடாது.

யாருக்கு, எவ்வளவு?

1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய அறக்கட்டளை 2008-இல் இத்திட்டத்தைத் தொடங்கியது. அப்போது அறக்கட்டளையின் தலைவராக இருந்தவர் பூனம் நடராஜன். கோட்டூர்புரத்தில் இன்றும் இயங்கும் வித்யாசாகர் அமைப்பை 1985-இல் தொடங்கியவர் அவர்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்கு நிலைகளில் ஒன்று உள்ள எவரும் சேரலாம். வயது வரம்பு இல்லை. சேருமுன் மருத்துவப் பரிசோதனையும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் குறைபாடு என்று சொல்லி ஒதுக்குவதும் இல்லை. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பு கிடைக்கும்.

இந்த 1 லட்சம் முழுவதையும் தெரபிக்கே செலவிட முடியாது. அறுவை சிகிச்சை, வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும், பல் மருத்துவம், தொடர் தெரபி, மாற்று மருத்துவம், போக்குவரத்து என ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு உண்டு. சேரும்போதே அந்த அட்டவணையை வாங்கிப் படித்துவிடுங்கள்.

கட்டணம் சிறிது. முதல்முறை சேர 500 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு 250. புதுப்பிக்க 250 ரூபாய்; வறுமைக் கோட்டுக்குக் கீழிருந்தால் 50. காப்பு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மார்ச் மாதத்தில் புதுப்பிக்க மறந்துவிட்டால் பிள்ளை காப்பில்லாமல் நிற்கும்.

எப்படிச் சேர்வது?

மாற்றுத்திறனாளி சான்றிதழ்தான் முதல் படி. அரசு மருத்துவக் குழு பரிசோதித்துச் சதவீதம் குறித்துத் தரும் சான்றை வைத்தே யு.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டை கிடைக்கும். சின்ன வயதில் தற்காலிகச் சான்று கொடுத்திருந்தால், அது காலாவதியாகும் நாளைக் குறித்து வையுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இதற்கு வழிகாட்டும்.

அடுத்து, தேசிய அறக்கட்டளையில் பதிவு பெற்ற அமைப்பு ஒன்றின் வழியாக விண்ணப்பிக்கலாம். அறக்கட்டளையின் இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். தெற்குச் சென்னையில் சிறப்புக் கல்விக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. கோட்டூர்புரம் வித்யாசாகர், தி.நகர் மதுரம் நாராயணன் மையம், தரமணியிலுள்ள தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி போன்ற இடங்களுக்குப் பிள்ளையை அழைத்துப் போகும் பெற்றோர், நிராமயா பற்றி அங்கேயே விசாரிக்கலாம். முட்டுக்காட்டில் இருக்கும், பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

பில் இல்லாமல் பணம் இல்லை

நிராமயாவில் நாம் முதலில் செலவு செய்து, பிறகு பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் வேண்டுமானாலும் சிகிச்சை பெறலாம் என்பது இதில் நல்ல அம்சம். ஆனால் கையில் காகிதம் சரியாக இல்லாவிட்டால் கோரிக்கை நிற்காது. இவற்றைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்:

• என்ன தெரபி, வாரத்துக்கு எத்தனை முறை என்று டாக்டர் எழுதிய சீட்டு.
• தெரபிஸ்டின் பெயர், தகுதி, பதிவு எண், முத்திரை, தேதி உள்ள பில். வெறும் துண்டுச் சீட்டு போதாது.
• வங்கிக் கணக்கு விவரமும் காப்பீட்டு அட்டை நகலும்.
• அனுப்பும் எல்லாவற்றுக்கும் ஒரு நகல்.

பில்களை ஆண்டுக் கடைசிவரை சேர்த்து வைக்காமல் மாதாமாதம் அனுப்புங்கள். கெடு தாண்டினால் நல்ல பில்லும் செல்லாது.

முதலமைச்சர் காப்பீடு எங்கே உதவும்?

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கிய மாநிலத் திட்டம், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பம், வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கொண்டு ராஜாஜி சாலையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதியலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை கிடைக்கும். விவரம் அறியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்: 1800 425 3993.

அறுவை சிகிச்சைக்கும் ஆஸ்பத்திரியில் தங்குவதற்கும் இத்திட்டமே பெரிய துணை. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு வைக்கும் காக்ளியர் இம்பிளான்ட் இதில் அடங்கும். ஆனால் அதைச் சிறு வயதிலேயே செய்தாக வேண்டும். கருவி ஒலியை மட்டுமே கொண்டுவரும். பேச்சு வருவது அதற்குப் பின் தொடரும் பயிற்சியால்தான். காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் மயிலாப்பூர் கிளார்க் பள்ளியும் அடையாறு பால வித்யாலயாவும் பல பத்தாண்டுகளாகக் காட்டிவரும் உண்மை இது.

காத்திருக்க நேரமில்லை

முதல் சில ஆண்டுகளில் குழந்தையின் மூளை மிக வேகமாகக் கற்கிறது. கழுத்து நிற்கத் தாமதமாகிறது, ஒன்றரை வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, கை காட்டிக் கேட்கவில்லை என்றால் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடாதீர்கள். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் இலவசமாகப் பரிசோதிக்கிறது. குறை தெரிந்தால் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது. மறுவாழ்வுச் சிகிச்சைக்குக் கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது.

தனியார் காப்பீடும் வருமான வரியும்

மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆட்டிசம் என்ற ஒரே காரணத்துக்காக முகவர் மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பழைய முறையில் வரி கட்டுவோர், தம்மைச் சார்ந்துள்ள மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாய் வருமான வரிக் கழிவு பெறலாம். குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000.

இன்னும் கேட்க வேண்டியவை

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியையும் உறுதி செய்கிறது. நிராமயாவோ நான்கு வகையோடு நிற்கிறது. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைக்கு அதில் இடமில்லை. தெரபி எங்கே நடக்கிறது என்பதிலும் ஒரு பாடம் உண்டு: அமெரிக்காவில் 1988-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பின், சிறப்புக் கல்வித் திட்டத்தின்படி பள்ளியிலேயே தரும் தெரபிக்கு மெடிகெய்ட் என்னும் அரசுக் காப்பீடு பணம் தரலாம். பிள்ளை படிக்கும் இடத்திலேயே சிகிச்சை நடக்கும். அதற்கான தொகையைப் பள்ளியே காப்பீட்டிடம் கேட்டுப் பெறும்.

இங்கும் அது நடக்க வேண்டும். தெரபிக்கான வரம்பு உயர வேண்டும். முன்பணம் கட்ட முடியாத ஏழைத் தாய்க்குப் பணமில்லாச் சேவை வேண்டும். மற்ற குறைபாடுகளுக்கும் கதவு திறக்க வேண்டும். பேசப் பழகுவதும், நடக்கப் பழகுவதும், தன் கையால் சாப்பிடப் பழகுவதும் மருத்துவம்தான். அரசுக் காப்பீடு அவற்றை முழுமையாக ஏற்கும்வரை பெற்றோர் சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; இருப்பதை ஒவ்வொரு மார்ச்சிலும் தவறாமல் புதுப்பித்துக்கொள்ளவும் வேண்டும்.