கைதட்டலும் கைகொடுத்தலும்

எழுத்தாளர் மகாநாடு என்றதுமே நேயர்களில் சிலர் புன்னகை செய்வார்கள். மாலை, மேடை, தலைமைப் பிரசங்கம், தீர்மானம், பகல் விருந்து. அப்புறம் அவரவர் ஊருக்கு அவரவர் என்பது அவர்கள் அபிப்பிராயம். அதை முற்றிலும் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். நம்மிடம் படித்த மாணவன் ஒருவன், நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் தொழிலாளியின் மகன், ஒரு மகாநாட்டில் கவிதை வாசித்துப் பலத்த கரகோஷம் பெற்றான். ஆனால், அவன் கொண்டுபோயிருந்த கதை நோட்டைப் பிரித்துப் பார்க்க அங்கே ஒருவருக்கும் அவகாசமில்லை. திரும்பி வந்தவன் ஆறு மாதம் பேனாவைத் தொடவில்லை.

உத்ஸாக மொழி வேண்டாமென்பது நம் கட்சியல்ல. மோகனூரில் 1888-இல் பிறந்த ராமலிங்கம் பிள்ளை சித்திரம் எழுதிப் பிழைத்தவர். அவர் தம் பாட்டைப் பாடிக் காட்டியபோது பாரதியார் மனந்திறந்து பாராட்டினார். அந்த ஒரு சொல் அவருக்கு ஆயுள் முழுவதும் பலம் தந்தது. ஆனால் சொல்லோடு விஷயம் நின்றுவிடவில்லை. 1930-இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை சென்றபோது தொண்டர்கள் பாடிச் சென்றது அவருடைய பாட்டைத்தான். 1949-இல் அவர் சென்னை மாகாணத்தின் ஆஸ்தான கவிஞரானார்.

இதே சீமையில் இன்னொரு திருஷ்டாந்தம் உண்டு. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கல்கியின் முதல் சிறுகதைத் தொகுதிக்கு முன்னுரை வழங்கிய அவர், அத்துடன் கடமை தீர்ந்ததென்று இருந்துவிடவில்லை. 1929-இல் 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகையை ஆரம்பித்து, கல்கியை ஆசிரமத்துக்கே அழைத்து வேலை கொடுத்தார். தங்க இடம், எழுத விஷயம், அச்சில் ஏற ஏடு, திருத்திச் சொல்ல ஒரு பெரியவர் ஆகிய நான்கும் அவ்விளைஞருக்கு ஓரிடத்திலே கிடைத்தன. 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு முதன்முதலாக அமுலுக்கு வந்தபோது, அதற்காக முன்பே பாடுபட்ட எழுத்துக்களில் 'விமோசன'த்துக்கும் இடமுண்டு.

பெரியவர் தயவு எல்லாருக்கும் கிட்டுமா என்று கேட்கலாம். அதற்கு மலையாளத்தார் வழி கண்டார்கள். கோட்டயத்தில் 1945-இல் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதல் போட்டுக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தங்கள் புஸ்தகங்களைத் தாங்களே பிரசுரித்தார்கள். எம். பி. பால் தலைவர், காரூர் நீலகண்ட பிள்ளை காரியதரிசி. மேடைப் பேச்சால் அல்ல, கணக்குப் புஸ்தகத்தால் வளர்ந்த சங்கம் அது.

நம் காலத்தில், நாமக்கல்லில் ஆசிரியராயிருந்த பெருமாள்முருகன் தம் வீட்டு மொட்டை மாடியில் 'கூடு' என்னும் ஆய்வுச் சந்திப்பை நடத்திவந்தார். அங்கே மாலையுமில்லை, பொன்னாடையுமில்லை. மாணவர் ஒருவர் கட்டுரை வாசிப்பார். மற்றவர்கள் குறை நிறைகளை எடுத்துச் சொல்வார்கள். அவர் தொகுத்து 2013-இல் வெளியான 'சாதியும் நானும்' என்ற நூல் அந்தத் தொடர்பிலே பிறந்தது.

மகாநாடுகள் நடக்கட்டும். ஆனால் ஒரு பிற்பகலையாவது பிரசங்கமின்றி ஒதுக்கட்டும். மூத்த எழுத்தாளர் ஒருவர் ஐந்து இளைஞரின் கையெழுத்துப் பிரதியைப் படித்துத் திருத்தட்டும். அச்சுப் பிழை பார்க்கும் முறையையும், பிரசுரகர்த்தரிடம் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் முறையையும் தெரிந்தவர்கள் சொல்லித் தரட்டும்.

குறை சொல்லுமுன் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மாணவனின் நோட்டு மகாநாட்டுக்குப் போகுமுன் நம்மிடந்தான் வந்தது. நாலு பக்கம் புரட்டிவிட்டு, "பேஷ், நன்றாயிருக்கிறது!" என்று திருப்பிக் கொடுத்துவிட்டோம். சென்ற மாதம் அதை மறுபடி கேட்டு வாங்கி, இரண்டு இரவு உட்கார்ந்து, வரிக்கு வரி படித்துக் குறிப்பெழுதிக் கொடுத்தோம். ஒரு கதையை அவன் இப்போது மூன்றாம் முறையாகத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறான்.