கனிந்த மனதைத் தேடி வரும் பொய்க் கடிதங்கள்



வழக்கமாக இந்தப் பக்கங்களில் வார்டுகளில் நடப்பதையும், தேவன் நமக்குச் செய்துவரும் நன்மைகளையும் எழுதி வருகிறோம். இம்முறை மின்னஞ்சலைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. மருத்துவமனைக்கும் மின்னஞ்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நடந்ததைச் சொல்லுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தகப்பனார் தம் பன்னிரண்டு வயது மகனை அழைத்துக்கொண்டு எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். பையனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று வேறொரு இடத்தில் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். உடனே சிகிச்சையைத் தொடங்கவும் சொல்லியிருந்தார்கள். அவர் தொடங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். பட்டணத்திலிருக்கும் உறவினர் ஒருவர் தமக்கு வந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கொடுத்த தாள் அது. இரத்தப் புற்றுநோயைக் குணமாக்கும் மருந்து ஒன்று சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இதை எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று அதில் எழுதியிருந்தது. சென்னைக்குப் போய்வரப் பணம் புரட்டுவதிலேயே மூன்று வாரம் கழிந்துவிட்டது. அங்கே காட்ட ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கிப் போகத்தான் எங்களிடம் வந்திருந்தார்.

அந்தத் தாளிலிருந்த மருந்தின் பெயர் 'இமிட்டினெஃப் மெர்சிலெட்'. அப்படி ஒரு மருந்தே கிடையாது. 'இமாட்டினிப் மெசிலேட்' என்ற மருந்து உண்டு. 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற நல்ல மருந்து அது. இரத்தப் புற்றுநோய்களில் 'நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியா' என்ற வகையினருக்கு அது பெரிய ஆசீர்வாதமாக அமைந்தது. ஆனால் எல்லா வகை இரத்தப் புற்றுநோயையும் அது குணமாக்காது. அதற்குக் கட்டுப்படும் வகையிலும் மருத்துவரின் கண்காணிப்பில் நாள் தவறாமல் ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டும். இந்தப் பையனுக்கு வந்திருந்ததோ அந்த மருந்துக்குக் கட்டுப்படாத வேறு வகை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட அந்தப் புற்றுநோய் நிறுவனம், இந்தக் கடிதத்தில் கண்டபடி இல்லை என்று தானே விளக்கம் சொல்ல நேர்ந்தது. இருந்தும் அந்தக் கடிதம் பல ஆண்டுகளாக ஓயாமல் சுற்றிவருகிறது. மின்னஞ்சலிலிருந்து இறங்கி வாட்ஸ்அப்பிலும் ஏறிக்கொண்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தாளைக் கொடுத்த உறவினர் கெட்டவர் அல்ல. பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவும் இல்லை. வியாதியுள்ள ஒரு பிள்ளைக்கு உதவ வேண்டும் என்ற இரக்கம்தான் அவரை அனுப்பச் செய்தது. அந்த இரக்கத்தினாலேயே மூன்று வாரம் வீணாயிற்று.

சங்கிலிக் கடிதம் புதிதல்ல. இதை ஒன்பது பேருக்கு எழுதினால் நன்மை உண்டாகும், எழுதாவிட்டால் கெடுதி வரும் என்று அஞ்சலட்டையில் கடிதங்கள் வந்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அட்டை வாங்கக் காசும் எழுத நேரமும் வேண்டியிருந்ததால் பலர் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். இப்போது விரலால் ஒரு முறை தட்டினால் நூறு பேருக்குப் போய்விடுகிறது. அதனால் சங்கிலி அறுவதே இல்லை.

உண்மையாய்த் தொடங்கிய வேண்டுகோளும் கட்டுக்கடங்காமல் போகும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவம் சாட்சி. 1989இல் மூளையில் கட்டி இருந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், அதிக வாழ்த்து அட்டைகள் பெற்றுக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற ஆசைப்பட்டான். மறு ஆண்டே அந்த ஆசை நிறைவேறிற்று. 1991க்குள் 3 கோடியே 30 லட்சம் அட்டைகள் வந்து சேர்ந்தன. அவ்வாண்டே அமெரிக்காவில் நடந்த அறுவைச் சிகிச்சையில் கட்டியும் அகற்றப்பட்டு, அவன் பிழைத்தான். போதும், நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகும் அட்டைகள் நிற்கவில்லை. வேண்டுகோள் மின்னஞ்சலில் ஏறி, கைமாறிக் கைமாறிப் பெயரும் விவரங்களும் திரிந்து, பல ஆண்டுகள் உலகைச் சுற்றிவந்தது. இதில் சம்பந்தமே இல்லாத 'மேக் எ விஷ்' என்ற தர்ம ஸ்தாபனத்தின் பெயரும் சேர்க்கப்பட்டது. வியாதியுள்ள பிள்ளைகளுக்காகவே உழைக்கும் அந்த ஸ்தாபனத்தார், தங்களுக்கு இதில் பங்கில்லை என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

1997இல் பரவிய இன்னொரு கடிதம் தொடக்கத்திலிருந்தே பொய். புற்றுநோயால் மரிக்கும் தறுவாயிலுள்ள ஒரு சிறுமியின் பெயரால் அது வந்தது. இதை ஒருவருக்கு அனுப்பினால் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 3 சென்ட் கொடுக்கும் என்று அதில் இருந்தது. சங்கம் அதை மறுத்தது. ஒரு கடிதம் எத்தனை கை மாறியது என்று எண்ணிப் பணம் கொடுக்கும் ஏற்பாடு எந்த ஸ்தாபனத்திடமும் இல்லை. ஆகவே 'அனுப்பினால் பணம் கிடைக்கும்' என்று எந்தக் கடிதத்தில் கண்டாலும் அதை அப்படியே அழித்துவிடலாம்.

இனி 'ஸ்பாம்' எனப்படும் குப்பைக் கடிதங்களைப் பற்றிச் சொல்லுவோம். ஸ்பாம் என்பது மேல்நாட்டில் டப்பாவில் விற்கும் ஓர் இறைச்சியின் பெயர். 1970இல் வந்த ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவைக் காட்சியில், வேறெந்தப் பேச்சும் காதில் விழாதபடி இந்தப் பெயரையே திரும்பத் திரும்பக் கத்துவார்கள். அதிலிருந்துதான் வேண்டாத கடிதங்களுக்கு இந்தப் பெயர் வந்தது. கணினி விற்கும் நிறுவனம் ஒன்றின் அலுவலர் 1978 மே மாதத்தில் அமெரிக்காவில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பிய விளம்பரமே இவற்றுள் முதலாவது என்பார்கள். இன்று உலகில் செல்லும் மின்னஞ்சல்களில் கிட்டத்தட்டப் பாதி இப்படிப்பட்டவை. அனுப்புகிறவனுக்கு ஏறக்குறைய செலவே இல்லை. லட்சம் பேரில் இரண்டொருவர் பதில் கொடுத்தாலும் அவனுக்கு லாபம்தான்.

இவற்றைத் திறக்காமலே அழிப்பது நல்லது. அறியாத இடத்திலிருந்து வந்த கடிதத்திலுள்ள படங்களைத் திறந்தாலும், 'இனி அனுப்ப வேண்டாம்' என்ற இடத்தை அழுத்தினாலும், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதன்பின் இன்னும் அதிகமாக வரும். கடிதத்தை 'ஸ்பாம்' என்று குறித்துவிட்டால், அடுத்த முறை அதுபோன்றது வரும்போது உங்கள் மின்னஞ்சல் சேவையே அதைப் பிரித்து ஒதுக்கிவிடும்.

குப்பைக் கடிதம் தொந்தரவு மட்டுமே. மோசடிக் கடிதமோ ஆபத்து. இதில் எங்களுடைய அனுபவத்தையே வெட்கத்தைவிட்டுச் சொல்லுகிறோம். குழந்தைகள் வார்டின் கூரை ஒழுகி, அதைப் பழுதுபார்க்க வழியில்லாமல் நாங்கள் ஜெபித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பிள்ளையில்லாத விதவைத் தாயார் ஒருவர் புற்றுநோயால் மரணப்படுக்கையில் இருக்கிறாராம். கணவர் விட்டுச்சென்ற பெருந்தொகையை வியாதியஸ்தருக்கு ஊழியம் செய்யும் ஒரு மருத்துவமனைக்குக் கொடுக்க விரும்புகிறாராம். கடிதம் முழுவதும் வேத வசனங்கள். இது ஜெபத்துக்கு வந்த பதில் என்றே எங்களில் சிலர் எண்ணினோம். பதில் எழுதினோம். மூன்றாவது கடிதத்தில், பணத்தை அனுப்புமுன் வரிக்காகவும் வக்கீல் செலவுக்காகவும் நாற்பதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் வயதான கணக்கர் ஐயா அதைப் படித்துவிட்டு, "கொடுக்கிறவங்க எதுக்குங்க நம்மகிட்ட கேட்கிறாங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி எங்களைக் காப்பாற்றியது.

பிற்பாடு விசாரித்தபோது, மரணப்படுக்கை விதவையின் கடிதம் உலகமெங்கும் சபைகளுக்கும் தர்ம ஸ்தாபனங்களுக்கும் அனுப்பப்படும் பழைய தந்திரம் என்று அறிந்தோம். முன்பணம் வாங்கி ஏமாற்றும் இவ்வகை மோசடிக்கு, நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து '419' என்றே பெயர் உண்டு.

இதைவிட எங்களுக்கு மன வேதனை தருவது எங்கள் பெயரிலேயே வரும் கடிதங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பல ஆண்டுகளாகத் தம் பென்ஷனிலிருந்து நமது ஏழை நோயாளர் நிதிக்கு அனுப்பி வருகிறவர். அவருக்கு நம் மருத்துவமனையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் போயிற்று. அறுவைச் சிகிச்சைக்காகக் காத்திருக்கும் ஒரு குழந்தையின் படமும், இன்றைக்குள் பணம் வேண்டும் என்ற வேண்டுகோளும், ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்கும் அதில் இருந்தன. அம்மையார் பதினைந்தாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டார். மறுநாள், "பிள்ளை எப்படி இருக்கு?" என்று விசாரிக்கத் தொலைபேசியில் அழைத்தபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அந்தப் பணம் திரும்பி வரவில்லை. அம்மையார் காணிக்கை அனுப்புவதை நிறுத்தவுமில்லை. இப்போது முதலில் தொலைபேசியில் கேட்கிறார், பிறகு அனுப்புகிறார்.

எல்லாரும் அவ்வாறே செய்யலாம் என்பதற்காகச் சில குறிப்புகளைத் தருகிறோம்.

1. அனுப்பியவர் பெயரை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். தபால் உறையின் பின்னால் யார் பெயரையும் எழுதலாம் அல்லவா? மின்னஞ்சலிலும் அப்படியே. பெயரை அடுத்துள்ள முழு முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

2. 'இன்றைக்குள்', 'ஒருவரிடமும் சொல்லாமல்' என்று அவசரப்படுத்தும் கடிதம் பெரும்பாலும் பொய்யே. எங்களிடம் அவசர நோயாளி வந்தால் முதலில் சிகிச்சையைத் தொடங்குவோம். உதவி கேட்பது அதன் பிறகே.

3. சந்தேகம் வந்தால் இந்த இதழில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள். வந்த கடிதத்திலுள்ள எண்ணுக்குப் பேச வேண்டாம்.

4. நமது காணிக்கைகள் மருத்துவமனையின் பெயரிலுள்ள கணக்கில் மட்டுமே பெறப்படும். தனி ஆட்களின் கணக்குக்கு அனுப்பும்படி நாங்கள் ஒருபோதும் கேட்பதில்லை. 2020இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, வெளிநாட்டிலிருந்து வரும் காணிக்கையை புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கிலேயே பெற வேண்டும். வெளிநாட்டில் வாழும் அன்பர்கள் இதை மனதில் வையுங்கள்.

5. உங்களுக்குப் பணம் வருவதற்கு ஓடிபியோ யுபிஐ ரகசிய எண்ணோ தேவையில்லை. அதைக் கேட்கிறவன் உங்களிடமிருந்து எடுக்கவே வருகிறான்.

6. மருந்தைப் பற்றியோ இலவச சிகிச்சையைப் பற்றியோ கடிதம் வந்தால், பிறருக்கு அனுப்புமுன் அதில் குறிப்பிட்ட மருத்துவமனையையோ தெரிந்த டாக்டரையோ கேளுங்கள். கேட்க முடியாவிட்டால் அனுப்ப வேண்டாம்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே உங்கள் வங்கிக்குத் தெரிவியுங்கள். 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

விசாரிப்பது அவிசுவாசம் என்று சிலர் எண்ணுகிறார்கள். பெரோயா பட்டணத்தாரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பவுல் அப்போஸ்தலன் பிரசங்கித்ததையே வேதவாக்கியங்களோடு தினந்தோறும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக வேதம் அவர்களைக் குறை சொல்லவில்லை, நற்குணசாலிகள் என்று மெச்சுகிறது. நீங்கள் எங்களை விசாரித்தால் நாங்கள் வருத்தப்பட மாட்டோம், சந்தோஷப்படுவோம். உங்கள் காணிக்கை சேர வேண்டிய வியாதியஸ்தரிடம் சேருவதற்கு அதுவே நல்ல வழி.

தொடக்கத்தில் சொன்ன பையன் அன்றைக்கே வார்டில் சேர்க்கப்பட்டான். நோயின் வகையை டாக்டர் படம் வரைந்து தகப்பனாருக்குப் பொறுமையாக விளக்கினார். சிகிச்சையின் முதல் கட்டம் முடிந்திருக்கிறது. இன்னும் நெடுநாள் மருந்து தேவைப்படும். செலவின் பெரும்பகுதி நீங்கள் கொடுத்த ஏழை நோயாளர் நிதியிலிருந்தே போகிறது. தலைமுடி கொட்டியிருக்கிறது, சாப்பாடு சரியாக இறங்கவில்லை, ஆனாலும் சாயங்காலம் வார்டு ஜெபத்துக்கு முன்வரிசையில் வந்து உட்காருகிறான். அவனுக்காகவும் அவன் தகப்பனாருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக.

ஊழியத்தில் உங்கள் உடன் வேலையாட்கள்,
மருத்துவமனைக் குடும்பத்தார்