கடைசி 'எஸ்' எண்ணிக்கை சொல்லாது

கொத்மலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பது லயம். உத்தியோகத்தர் குடியிருப்பது குவாட்டர்ஸ். "ஒரு குவாட்டர்ஸ் காலியா இருக்கு" என்று தமிழில் சொல்வதில் யாருக்கும் சிக்கல் இல்லை. அதையே தோட்ட நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் கை தயங்கும். 'ஒரு' என்றால் 'ஏ' போட வேண்டும். ஆனால் சொல்லின் கடைசியில் 'எஸ்' நிற்கிறது. பன்மைக்கு 'ஏ' வராது என்று பள்ளிக்கூடத்தில் படித்த நினைவில் அந்த எஸ்ஸை வெட்டி 'ஏ குவாட்டர்' என்று எழுதினால், அது கால் பங்கு. வீடு கேட்ட கடிதம் கால் பங்கு கேட்ட கடிதமாகிவிடும்.

இது படிப்பறிவின் குறையல்ல. தமிழில் 'ஏ', 'த' போன்ற சொற்கள் இல்லை. 'ஒரு' என்பதைக்கூட விரும்பினால் போடலாம், விடலாம். அஃறிணைக்குப் பன்மை விகுதியும் கட்டாயமில்லை; "பத்து கொழுந்துக் கூடை" என்றாலே போதும். ஆங்கிலம் இரண்டையும் கட்டாயமாக்குகிறது. போதாததற்கு, பன்மைபோலத் தோன்றும் சில சொற்களை வைத்துக்கொண்டு அவற்றுக்கெல்லாம் ஒரே விதியைச் சொல்ல மறுக்கிறது.

1990களின் இறுதியில், யுனெஸ்கோவின் உதவியோடு, கொத்மலை சமூக வானொலியில் ஒரு முயற்சி தொடங்கியது. நேயர்கள் கேட்ட விடயங்களை அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, ஆங்கிலத்தில் இருந்ததை உள்ளூர் மொழியில் விளக்கினார்கள். இன்று கைத்தொலைபேசியே மொழிபெயர்த்துத் தருகிறது. விளக்கிச் சொல்லும் ஆள்தான் இல்லை.

விண்ணப்பம், முறைப்பாடு, சாட்சியம் என்று வரும்போது அந்த ஆளின் தேவை தெரியும். 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. யுத்தத்தில் அவர்கள் இழந்தவர்களின் உறவுகள் இன்றும் தோட்டங்களில் இருக்கின்றன. காணாமல் போனோர் அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம். பலவந்தமாகக் காணாமலாக்கப்படுதல் தொடர்பான ஐ.நா. செயற்குழுவுக்கு எழுத ஆங்கிலம் போன்ற ஒரு மொழி வேண்டும். அந்தத் தாள்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் பலவும் இந்த எஸ் வகைதான்.

முதலில் 'ஹெட்குவாட்டர்ஸ்', 'பரக்ஸ்'. தலைமையகம், படைமுகாம். இரண்டுமே ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவில் நிற்பவை. ஆகவே எத்தனை முகாம் என்பதை எஸ் சொல்லாது. முன்னால் நிற்கும் சிறு சொல்தான் சொல்லும். 'ஏ பரக்ஸ்' என்றால் ஒரு முகாம், எது என்று இன்னும் சொல்லவில்லை. 'த பரக்ஸ்' என்றால் ஏற்கெனவே குறிப்பிட்ட, இன்னதென்று தெரிந்த முகாம். மகனை எங்கே கொண்டுபோனார்கள் என்று ஒரு தாய் சொல்வதை எழுதும்போது இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பெரியது. முகாமின் பெயரைத் தாய் சொல்லியிருந்தால், அந்தப் பெயரையே எழுதிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. 'சீரீஸ்', 'மீன்ஸ்' இரண்டும் இதே வகை. எங்கள் ஒரே வருமான வழி என்பதற்கு 'மீன்ஸ்' என்றுதான் எழுத வேண்டும். எஸ்ஸை எடுத்தால் கஞ்சன் என்றோ சராசரி என்றோ பொருள் மாறும்.

'நியூஸ்' வேறு கதை. அது ஒருமை, ஆனால் எண்ண முடியாத பெயர். "ஒரு நியூஸ் கேட்டியா?" என்பது நல்ல தமிழ். ஆங்கிலத்தில் 'ஏ நியூஸ்' கிடையாது. 'சம் நியூஸ்' என்றோ 'ஏ பீஸ் ஒஃப் நியூஸ்' என்றோ எழுதுவார்கள்.

இனி, எப்போதும் பன்மையாகவே நின்று 'ஏ'யை ஏற்காதவை. நிலுவைச் சம்பளத்துக்கான 'அரியர்ஸ்' அப்படிப்பட்டது. (தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தேறாத பாடத்தை 'ஒரு அரியர்' என்பார்கள். அது அவர்களின் சொத்து, நாம் கடன் வாங்க வேண்டாம்.) 'என் அரியர்ஸ்', 'த அரியர்ஸ்' என்று எழுதினால் குறித்த ஒரு தொகையைக் கேட்கிறீர்கள். முன்னால் எதுவும் இல்லாமல் எழுதினால் ஏதோ நிலுவை உண்டு என்பதோடு நிற்கும். காணிப் பத்திரங்களில் வரும் 'பிரமிசஸ்' என்பதும் இப்படித்தான். ஒரே வீடும் வளவும் என்றாலும் அது பன்மை. 'ஏ பிரமிஸ்' என்றால் வாதத்தில் வைக்கும் எடுகோள். உறுதி கைக்கு வராத லயத்தவர் இந்தச் சொல்லை முதலில் காண்பது வெளியேறச் சொல்லும் கடிதத்தில் என்றாலும் வியப்பில்லை.

ஒருவர் இருக்கும் இடத்தைக் குறிக்கும் 'வெயரபவுட்ஸ்' என்பதற்கும் 'ஏ' வராது. 'அவருடைய' என்ற பொருளில் 'ஹிஸ்' அல்லது 'ஹேர்' முன்னால் வரும்.

மிகவும் கவனம் வேண்டியது 'ரிமெய்ன்ஸ்'. 2025இல் செம்மணியில் அகழ்வு நடந்தபோது ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி வந்த சொல் அது. தமிழில் 'மனித எச்சங்கள்' என்று எழுதுகிறோம். 'கள்' வந்ததும் வாசகர் மனம் பல பேரை எண்ணத் தொடங்குகிறது. ஆங்கிலச் சொல்லோ ஒரே ஒருவருடைய எலும்புகளுக்கும் பன்மையில்தான் வரும், வினையும் பன்மைதான். அந்தச் சொல்லிலிருந்து எத்தனை பேர் என்று அறியவே முடியாது. எண்ணிக்கை வேண்டுமானால் அருகில் 'ஒரு நபரின்', 'இரண்டு நபர்களின்' என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், மொழிபெயர்ப்பவர் தானாக எண்ணிக்கை சேர்க்கக் கூடாது.

எந்தச் சொல் எந்த வகை என்று ஊகித்துப் பயனில்லை. மாணவர்களுக்கான ஆங்கில அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்திலேயே பன்மைப் பெயர், எண்ணமுடியாத பெயர், ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம் என்று சுருக்கமாகக் குறித்திருப்பார்கள். பொருளைப் பார்த்ததும் மூடிவிடாமல் அந்தக் குறிப்பையும் வாசிக்க வேண்டும். குவாட்டர்ஸ் என்று தேடினால், கால் பங்குக்கு ஒரு பதிவும் குடியிருப்புக்கு இன்னொன்றும் இருக்கும்; இரண்டாவதன் பக்கத்தில் பன்மை என்று போட்டிருக்கும்.