ஓர் எழுத்து குறைந்த நிவாரண நிதி

பேரிடர் வரும்போதெல்லாம் பின்னாலேயே வரும் மோசடிகள்... தப்பிக்க என்ன வழி?

2020 மார்ச் 28. ஊரடங்கு தொடங்கி நான்காம் நாள். பி.எம். கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்டு, நன்கொடை அனுப்ப ஒரு யு.பி.ஐ. முகவரியும் தரப்பட்டது. அடுத்த சில நாட்களுக்குள், அதே போன்ற இன்னொரு முகவரி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிட்டது. உண்மையானதில் ‘கேர்ஸ்’, போலியில் ‘கேர்’. கடைசி ‘எஸ்’ மட்டும் இல்லை. டெல்லி போலீஸின் சைபர் பிரிவு எச்சரித்தது. போலி முகவரி முடக்கப்பட்டது.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று அலைகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. உடனே போலி நன்கொடை இணையதளங்கள் முளைத்தன. அடுத்த மாதமே அந்நாட்டு நீதித்துறை, கத்ரீனா மோசடிகளை விசாரிக்கத் தனிப்படை அமைக்க வேண்டியிருந்தது.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அழித்தது. முதலமைச்சரின் நிவாரண நிதிக்காக வெளியிட்ட கியூஆர் கோடை, தவறாகப் பயன்படுத்தப்படக்கூடும் என்று கேரள அரசு சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. சரியான முடிவு. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் யாருடையவை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரை நிதானமாகப் படிப்பவர்தான் தப்பிப்பார்.

தகவல் தேடுவோருக்கும் வலை

பணம் கொடுப்பவர்களுக்கு மட்டும்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். கொரோனா பரவலைக் காட்டும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வரைபடத்தை 2020-ல் உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அதேபோல் ஒரு வரைபடத்தைக் காட்டும் போலி மென்பொருளும் வந்தது. அதற்குள் ஒளிந்திருந்த ‘அசோரல்ட்’ என்ற திருட்டு நிரல், பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளை அள்ளிச் சென்றது.

இன்று அந்த வேலையை வாட்ஸ்அப்பில் வரும், செயலியை நிறுவும் ஏ.பி.கே. கோப்புகள் செய்கின்றன. ‘நிவாரணப் பட்டியல்’ என்று பெயரிருக்கும். நிறுவி, எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. நேராகத் திருடனுக்குப் போய்விடும். செயலி தேவையென்றால் பிளே ஸ்டோரில் நீங்களே தேடி எடுங்கள்.

அடிபட்டவர் மீதே அடி

இதில் கொடுமையானது, பாதிக்கப்பட்டவர்களையே குறிவைப்பது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது, மூச்சுத் திணறும் உறவினருக்காக ஆக்சிஜன் தேடி அலைந்தவர்களிடம் மோசடிக்காரர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்தார்கள். டெல்லியில் தீயணைப்பு உருளைகளுக்கு வண்ணம் பூசி, ஆக்சிஜன் சிலிண்டர் என்று விற்ற கும்பல் பிடிபட்டது.

‘நிவாரணத் தொகை வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்’ என்று போன் வந்தால் உடனே துண்டியுங்கள். மிக்ஜாம் புயலுக்குப் பின் தமிழக அரசு 6,000 ரூபாயை ரேஷன் கடைகளில், டோக்கன் முறையில் ரொக்கமாகக் கொடுத்தது, போனில் அழைத்து அல்ல. வங்கிக் கணக்கில் செலுத்தும் நிவாரணமானாலும், ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற விதி மாறாது. அதேபோல், பணம் வாங்க யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை. பின் எண்ணைக் கேட்டால், உங்கள் பணம் வெளியே போகப்போகிறது என்று பொருள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்திருங்கள். திருடிய பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். அது வங்கிக்குள் இருக்கும்வரைதான் முடக்க முடியும். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

நாம் தேடிப் போய்க் கொடுப்போம்

இந்த மோசடிகள் எல்லாமே நம் இரக்கத்தையும் அவசரத்தையும் நம்பித்தான் நடக்கின்றன. இரக்கத்தை விட வேண்டியதில்லை, அவசரத்தை விட்டால் போதும். நம்மைத் தேடி வரும் லிங்க் வழியாகக் கொடுக்கவே கூடாது. அரசின் நிவாரண நிதியோ, தெரிந்த தொண்டு நிறுவனமோ, அதன் இணையதள முகவரியை நாமே தட்டச்சு செய்து உள்ளே போய்க் கொடுக்க வேண்டும். லிங்க்கை அனுப்பியவர் அண்ணனாகவே இருந்தாலும், அவருக்கு அதை யார் அனுப்பினார்களோ!

ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த வெள்ளத்தில் உண்மையான உதவிக்கும் தயங்குவார். அந்த நஷ்டம் முகாமில் பாய்க்கும் பாலுக்கும் காத்திருப்பவருடையது. ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, நீங்கள் நம்பும் இரண்டு அமைப்புகளைத் தேர்ந்தெடுங்கள். அவற்றின் முகவரியைச் சரிபார்த்து இப்போதே குறித்து வையுங்கள். புயல் வந்த பிறகு கொடுப்பது மட்டும்தான் பாக்கி இருக்க வேண்டும்.