பிரின்ஸ்டனா, டீலக்ஸா? வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டையும் எப்படிக் கேக்கணும்

இந்த எபிசோடுல ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கப் போறேன். "ஃபெண்டர் பிரின்ஸ்டன் ரிவர்ப் வாங்கலாமா, டீலக்ஸ் ரிவர்ப் வாங்கலாமா? வீடியோவுல கேட்டா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு." ட்யூப் ஆம்ப் வாங்க நினைக்கிற பலருக்கும் இந்தக் குழப்பம் வருது. ரெண்டுமே வருஷக் கணக்கா காசு சேத்து வாங்குற பொருள். வாங்கிட்டு வந்த பிறகு "டிரம்ஸோட வாசிச்சா சத்தம் பத்தல"ன்னோ, "வீட்டுல வால்யூமைத் திறக்கவே முடியல"ன்னோ தெரிஞ்சா, நம்ம ஊர்ல அதை வித்து மாத்துறது லேசான வேலை இல்ல.

நான் ரெண்டையும் ஒரே அறையில வெச்சு, ஒரே கிட்டார்ல வாசிச்சுப் பாத்திருக்கேன். அதுல கிடைச்ச பெரிய விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன். டோன் வித்தியாசம்னு நாம நினைக்கிறதுல பெரும்பகுதி, சத்த அளவோட வித்தியாசம்தான். அதைச் சமன் பண்ணின பிறகு மிச்சம் இருக்கிறதுதான் நீங்க காசு கொடுக்கப்போற வித்தியாசம்.

உள்ள என்ன இருக்கு?

டீலக்ஸ் ரிவர்ப் 1963ல வந்தது, பிரின்ஸ்டன் ரிவர்ப் 1964ல வந்தது. இப்ப புதுசாக் கிடைக்கிற '65 ரீஇஷ்யூ மாடல்களைப் பத்திப் பேசுறேன். ரெண்டுலயும் பவர் ட்யூப் ரெண்டு 6வி6. ரெண்டுலயும் ஸ்பிரிங் ரிவர்ப், ட்ரெமலோ இருக்கு. ட்ரெபிள், பேஸ் நாப் உண்டு, மிட் நாப் கிடையாது. காகிதத்துல பாத்தா அண்ணன் தம்பி மாதிரிதான்.

ஆனா பிரின்ஸ்டன் 12 வாட், 10 இன்ச் ஸ்பீக்கர். டீலக்ஸ் 22 வாட், 12 இன்ச் ஸ்பீக்கர். ஒரே பவர் ட்யூபை வெச்சுக்கிட்டு எப்படி இவ்வளவு வித்தியாசம்? காரணம் ரெண்டு. பிரின்ஸ்டன்ல அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சின்னது. அடுத்தது, சிக்னலை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு பவர் ட்யூபுக்கும் அனுப்புற ஃபேஸ் இன்வர்ட்டர். பிரின்ஸ்டன்ல ஒரு 12ஏஎக்ஸ்7 ட்யூபோட பாதி இந்த வேலையைச் செய்யுது. டீலக்ஸ்ல ஒரு முழு 12ஏடி7 ட்யூப் செய்யுது. அதனால டீலக்ஸ் பவர் ட்யூபை இன்னும் பலமாத் தள்ள முடியும். பிரின்ஸ்டன் சீக்கிரமே திணறி, பிரேக்கப்னு நாம சொல்ற அந்தக் கரகரப்புக்குப் போயிடும்.

காது நம்மை எப்படி ஏமாத்துது?

22 வாட்னா 12 வாட்டை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சத்தம்னு தோணும். அப்படி இல்ல. கணக்குப் போட்டா வித்தியாசம் சுமார் 2.6 டெசிபல்தான். சத்தம் ரெண்டு மடங்கா இருக்கிற மாதிரி காதுக்குத் தெரியணும்னா சுமார் 10 டெசிபல் கூடணும், அதாவது பவர் 10 மடங்கு வேணும்.

அப்ப 2.6 டெசிபல் ஒண்ணுமே இல்லையான்னா, அங்கதான் சிக்கல். இந்த மாதிரி சின்ன வித்தியாசத்தைக் காது "சத்தம் கூட"ன்னு எடுத்துக்காது. "இது நல்லாருக்கு, உருண்டையா இருக்கு, உயிர் இருக்கு"ன்னு எடுத்துக்கும். குறைஞ்ச சத்தத்துல நம்ம காதுக்கு பேஸ் சரியாக் கேக்காது, சத்தம் ஏற ஏறத்தான் அது நிறையும். அதனால கொஞ்சம் சத்தமா இருக்கிற ஆம்ப், டோன்லயும் ஜெயிச்ச மாதிரி தோணும்.

ரெண்டுலயும் வால்யூமை 4ல வெச்சு ஒப்பிடுறதும் சரி வராது. ஒரு ஆம்ப்போட 4க்கும் இன்னொண்ணோட 4க்கும் சம்பந்தமே இல்ல. வீடியோவுல கேக்கறப்ப மைக் எது, எங்க வெச்சாங்க, எடிட்டிங்ல அளவை எப்படி மாத்தினாங்கன்னு எதுவும் நமக்குத் தெரியாது.

ஒப்பிடுற முறை

கடையிலயோ நண்பர் வீட்டுலயோ ரெண்டும் கிடைச்சா இப்படிச் செய்யுங்க.

உங்க கிட்டாரையும் கேபிளையும் கையோட கொண்டு போங்க. கேபிள் நீளம் கூடினாலே ட்ரெபிள் குறையும், அதனால ரெண்டுக்கும் அதே கேபிள்தான். ஆன் பண்ணி சில நிமிஷம் சூடாக விடுங்க.

ரெண்டு ஆம்ப்பையும் ஒரே உயர நாற்காலியில ஏத்தி வைங்க. ஸ்பீக்கர்ல ட்ரெபிள் நேராத்தான் பாயும். தரையில வெச்சுட்டு நின்னு கேட்டா அது உங்க முழங்காலுக்குத்தான் கேக்கும்.

ஃபோன்ல ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போதும். ஃபோனை உங்க காது இருக்கிற இடத்துல வெச்சு, ரெண்டும் ஒரே அளவு காட்டுற வரைக்கும் வால்யூமைச் சரி பண்ணுங்க. மீட்டர் துல்லியமா இல்லாட்டியும் பரவாயில்ல, ரெண்டையும் அதே மீட்டரால அளக்கிறோம், அவ்வளவுதான்.

லூப்பர் பெடல் இருந்தா ஒரு சின்ன ஃப்ரேஸைப் பதிவு பண்ணி, அதையே ரெண்டுலயும் ஓட விடுங்க. அப்ப உங்க விரல் அழுத்தம் மாறாது. நண்பரை கேபிளை மாத்தச் சொல்லிட்டு, நீங்க திரும்பி நின்னுக்கங்க. எது எதுன்னு தெரியாமக் கேட்டு, பிடிச்சதைக் குறிச்சுக்கங்க. அதுக்கப்புறம் கையால வாசிங்க, ஏன்னா விரலுக்கு ஆம்ப் எப்படிப் பதில் சொல்லுதுங்கிறது லூப்பர்ல தெரியாது.

கடைசியா, நீங்க நிஜமா வாசிக்கப்போற சத்தத்துல ஒரு தடவை, அதை விட நல்லா ஏத்தி ஒரு தடவை கேளுங்க. இந்த ரெண்டாவது தடவையிலதான் ரெண்டும் பிரிஞ்சு தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஆம்ப்னா ட்யூப் தேஞ்சிருக்கலாம், ஸ்பீக்கர் மாத்தியிருக்கலாம். அப்ப நீங்க ஒப்பிடுறது ரெண்டு மாடலை இல்ல, ரெண்டு ட்யூப் செட்டை.

சமன் பண்ணின பிறகு என்ன மிச்சம்?

வீட்டுச் சத்தத்துல நான் எதிர்பார்த்ததை விட ரெண்டும் நெருக்கமா இருந்தது. டீலக்ஸோட வைப்ரேட்டோ சேனல் கொஞ்சம் பளிச்சுன்னு இருந்தது. அந்த வால்யூம் நாப்ல ஒரு 47 பிக்கோஃபாரட் பிரைட் கெப்பாசிட்டர் இருக்கு, அது குறைஞ்ச வால்யூம்ல ட்ரெபிளைத் தூக்கிக் காட்டும். வால்யூமை ஏத்த ஏத்த அதோட வேலை குறையும். பிரின்ஸ்டன்ல அது இல்ல, அதனால மெல்லிசான சத்தத்துலயும் மென்மையா இருக்கும்.

ஏத்தினப்ப பிரின்ஸ்டன் சீக்கிரமே கரகரத்தது, கீழ் ஸ்ட்ரிங்ல பேஸ் தளர்ந்தது. டீலக்ஸ் அதே சத்தத்துல இன்னும் சுத்தமா, இறுக்கமா நின்னது. ட்ரெமலோவும் வேற. பிரின்ஸ்டன் பவர் ட்யூபோட பயாஸையே ஆட்டுது, அதனால அலை மாதிரி வரும். டீலக்ஸ்ல விளக்கும் ஒளி உணரியும் சேந்து வேலை செய்யுது, அதனால கொஞ்சம் வெட்டி வெட்டி வரும்.

ஆக, கேள்வி "எது நல்ல டோன்?"ங்கிறது இல்ல. "எனக்கு எந்தச் சத்தத்துல கரகரப்பு வரணும்?"ங்கிறதுதான். வீட்டுலயும் ரெக்கார்டிங்லயும் வாசிக்கிறவங்களுக்கு நான் பிரின்ஸ்டனைத்தான் சொல்வேன். மைக் இல்லாம, டிரம்மரோட, கிளீன் டோன் வேணும்னா டீலக்ஸ். ஆனா எல்லா மேடையிலயும் மைக் வைப்பாங்கன்னா, கூடுதல் வாட்டுக்காக மட்டும் காசைக் கூட்ட வேண்டாம்.

பிளக்கைச் சொருகுறதுக்கு முன்னாடி

அமெரிக்காவுல இருந்து யாராவது கொண்டு வர்றாங்கன்னா, பின் பக்கத்துல எழுதியிருக்கிற வோல்டேஜைப் பாருங்க. அங்க 120 வோல்ட், இங்க 230. அந்த மாடலை நேரா நம்ம பிளக்ல சொருகக் கூடாது. நல்ல ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், அதுவும் ஆம்ப்ல போட்டிருக்கிற வாட்டை விடத் தாராளமான அளவுல. அந்தச் செலவையும் எடையையும் விலையோட சேத்துக் கணக்குப் போடுங்க.

ஸ்பீக்கர் கனெக்‌ஷன் இல்லாம ட்யூப் ஆம்ப்பை வாசிக்காதீங்க, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும். ரெண்டு ஆம்ப்பைச் சேத்து மாட்டினா ஹம் சத்தம் வரலாம். அதுக்காக எர்த் பின்னை மட்டும் எடுத்துடாதீங்க. ஒப்பிடுறப்ப ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாட்டினா அந்தப் பிரச்சினையே வராது. ஆஃப் பண்ணியிருந்தாலும் பின் மூடியைக் கழட்டிக் கையை விடாதீங்க, உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல உயிருக்கே ஆபத்தான மின்சாரம் தேங்கி இருக்கும்.

அடுத்த எபிசோடுல, இருக்கிற ஆம்ப்ல ஸ்பீக்கரை மட்டும் மாத்தினா எவ்வளவு மாறும்னு பேசலாம். அதுவரைக்கும் நல்லா வாசிங்க.