எக்கோ சவுண்டர் மீனைக் காட்டாதபோது

காசிமேட்டு விசைப்படகுகளில் ஆழத்தையும் மீன்கூட்டத்தையும் காட்டும் எக்கோ சவுண்டருக்குத் திரை மேலே, டிரான்ஸ்டியூசர் படகின் அடியில் தண்ணீருக்குள். டிரான்ஸ்டியூசருக்குள் இருப்பது ஒரு பீங்கான் வில்லை. மின்துடிப்பு வந்ததும் அது அதிர்ந்து, காதுக்கு எட்டாத ஒலியைக் கீழே அனுப்புகிறது. தரையிலும் மீனிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியை மறுபடி மின்சாரமாக்குவதும் அதே வில்லைதான். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 30 மீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி வர நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு போதும். ஜப்பானில் ஃபுருனோ நிறுவனம் 1948-இல் கொண்டுவந்த மீன் காட்டும் கருவிக்கும் இதுவே அடிப்படை.

படம் வரவில்லை என்றதும் டிரான்ஸ்டியூசர் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக வாங்குவது வீண்செலவு. பல நேரங்களில் பழுது வேறு இடத்தில் இருக்கும். திரையே எரியாவிட்டால் பேட்டரி, ஃபியூஸ், வயர் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் கோடும் புள்ளியுமாக வந்தால், அது ஆல்டர்னேட்டரிலிருந்தோ பக்கத்தில் போகும் மின்வயரிலிருந்தோ வரும் இரைச்சல். வேகம் கூடும்போது மட்டும் படம் மறைகிறதா? டிரான்ஸ்டியூசரின் முகத்தில் காற்றுக்குமிழிகள் ஓடுகின்றன. பொருத்திய இடத்தை மாற்றினாலே சரியாகிவிடும். டெமோ முறையில் விட்டுவிட்டால் கரையில் நிற்கும் படகிலும் திரையில் மீன் ஓடும் என்பதையும் மறக்கக்கூடாது.

அடுத்தது முகம். கல்போல ஒட்டி வளரும் கொட்டலசும் பாசியும் ஒலியைத் தடுத்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றும்போது இதைப் பார்ப்பது எளிது. உளியால் சுரண்டினால் முகம் கீறி, உள்ளிருக்கும் வில்லையும் விரிசல் விடக்கூடும். ஈரத்துணியால் ஊறவைத்து, மிச்சத்தை நைசான உப்புத்தாளால் தண்ணீர் விட்டு மெல்லத் தேய்க்க வேண்டும். அடிப்பகுதிக்கு அடிக்கும் பெயின்ட்டை அதன்மேலும் கனமாகப் பூசிவிடுவது பெரிய கெடுதல். தின்னர் பட்டால் பிளாஸ்டிக் இளகும்; டிரான்ஸ்டியூசருக்கென்று வரும், தண்ணீர் அடிப்படையிலான பூச்சை மெல்லிசாக அடித்தால் போதும்.

பிறகு கேபிள். இணைப்பானின் ஊசிகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா, எங்காவது எலி கடித்திருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் தடவிப் பார்க்க வேண்டும். வெட்டி ஒட்டிய கேபிளில் ஈரமும் இரைச்சலும் புகும். மல்டிமீட்டர் காட்டும் எண் மாடலுக்கு மாடல் மாறுவதால், அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. நம்பகமான வழி, பக்கத்துப் படகிலிருந்து அதே மாடல் டிரான்ஸ்டியூசரை வாங்கி, இந்தத் திரையில் மாட்டிப் படகோரம் தண்ணீரில் தொங்கவிடுவது. படம் வந்தால் பழையதுதான் பழுது.

உள்ளே வார்த்து மூடப்பட்டிருப்பதால் வில்லையைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். புதியது கருவியின் அலைவெண்ணுக்கும் (50, 200 கிலோஹெர்ட்ஸ் பரவலானவை) வாட்டுக்கும் பொருந்த வேண்டும். முகம் நேராகக் கீழ்நோக்க வேண்டும். பொருத்தியபின் குண்டு கட்டிய கயிற்றைத் தரைவரை விட்டு ஆழம் அளந்து, திரையில் வரும் எண்ணோடு ஒத்துப்பார்க்கலாம். டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவு குறைவாகத் திரை காட்டும்.